குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு: நியூயார்க் தீர்ப்பிலிருந்து சேவ் மசோதா வரை

கேள்வி, 21 மார்ச் 2025 (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

நியூயார்க்கில் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஓட்டு குடுத்த சட்டத்தை கோர்ட் ரத்து பண்ணிடுச்சுன்னு செய்தி பார்த்தேன். சரியாத்தானே பண்ணியிருக்காங்க? குடிமகனா இல்லாதவன் எதுக்கு ஓட்டுப் போடணும்? அங்க லட்சக்கணக்குல கள்ள ஓட்டு விழுதுன்னு டிரம்ப் சொல்றாரே, அதுவும் இந்தச் சட்டத்தாலதானா? அங்க இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.

22 மார்ச் 2025

நகரச் சட்டம் வேறு, கள்ள ஓட்டு வேறு. ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது இங்கேயும் தினமும் நடக்கிறது, அதனால் பிரித்தே சொல்கிறேன்.

2021 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகர கவுன்சில் 33-க்கு 14 என்று இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. மேயர் எரிக் ஆடம்ஸ் கையெழுத்தும் போடவில்லை, தடுக்கவும் இல்லை. 2022 ஜனவரி 9-ல் தானாகச் சட்டமாகிவிட்டது. கிரீன் கார்டு இருந்தாலோ, இங்கே வேலை செய்ய அனுமதி இருந்தாலோ, நகரத்தில் 30 நாள் குடியிருந்தவர் வாக்காளராகலாம். ஓட்டு மேயர், கவுன்சிலர் மாதிரி நகரப் பதவிகளுக்கு மட்டும்தான். அதிபர், செனட், காங்கிரஸ், ஆளுநர், மாநிலச் சட்டமன்றம் எதற்கும் கிடையாது. எட்டு லட்சம் பேருக்கு மேல் இதில் வருவார்கள் என்றார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு ஓட்டுகூட விழவில்லை. 2022 ஜூனில் ஸ்டேட்டன் ஐலண்ட் நீதிபதி ரத்து செய்தார். 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. முந்தாநாள் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் (இங்கே அதன் பெயர் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்) 6-க்கு 1 என்று மூடிவிட்டது. ஆகவே டிரம்ப் சொல்லும் கள்ள ஓட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்க முடியாது.

நான் குயின்ஸில் ஃப்ளஷிங் பக்கம் இருக்கிறேன். எச்-1பி வேலை விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் இந்தியர்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த மாத விசா புல்லட்டினில் (யார் முறை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் போடும் பட்டியல்) இபி-2 என்ற வேலைப் பிரிவில் இந்தியாவுக்கு 2013 ஜனவரியில்தான் தேதி நிற்கிறது. என் பிரையாரிட்டி டேட் (வரிசையில் சேர்ந்த தேதி) அதற்குப் பின்னால். பிள்ளைகள் ரெண்டும் இங்கே பிறந்து இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியை நடத்துவது யார் என்றால் மேயர்தான். சட்டம் நிலைத்திருந்தால் இந்த நவம்பரில் எனக்கும் ஒரு ஓட்டு இருந்திருக்கும். தீர்ப்பு வந்த அன்று சோறு இறங்கவில்லை.

22 மார்ச் 2025, இரவு

பள்ளி என்றதும் ஒன்று விட்டுப்போச்சு. இதே நகரத்தில் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு ஓட்டு இருந்தது. 1969-ல் வந்த சட்டப்படி வட்டாரப் பள்ளி வாரியத் தேர்தலில் பெற்றோர் யாராக இருந்தாலும் ஓட்டுப் போடலாம். முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 2002-ல் பள்ளி நிர்வாகத்தை மேயர் கைக்கு மாற்றி வாரியங்களைக் கலைத்தார்கள், அதோடு போயிற்று. அப்போது யாரும் நாடு கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. புதுசாக என்னமோ கேட்கிறார்கள் என்று பேசுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னும் பின்னால் போனால் 19-ஆம் நூற்றாண்டில் விஸ்கான்சின் மாதிரி மாநிலங்கள், "குடிமகனாகப் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவருக்கெல்லாம் ஓட்டுக் கொடுத்து ஆள் சேர்த்தன. கடைசியாக அதை நிறுத்தியது ஆர்கன்சா, 1926-ல். அந்த வசதி அப்போது வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

23 மார்ச் 2025

"30 நாள் இருந்தவனுக்கெல்லாம் மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த 30 நாள் பிடிக்கவில்லை. வேலை மாறி ஆறு மாசத்துக்கு வந்து போகிறவருக்கும், பத்து வருஷமாக வாடகை கட்டிப் பிள்ளை வளர்ப்பவருக்கும் ஒரே அளவுகோல் வைத்தது சட்டத்தை எழுதியவர்கள் செய்த பிசகு. நியூசிலாந்தில் 1975-லிருந்து நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடுகிறார். ஆனால் ஒரு வருஷமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நியூயார்க்கில் ரெண்டு வருஷம் என்று வைத்திருந்தால்கூட எதிர்த்தவர்கள் வாயில் பாதி அடைபட்டிருக்கும்.

வழக்கு ரொம்பச் சின்ன இடத்தில் நின்றது. மாநில அரசியலமைப்பு "ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓட்டுரிமை உண்டு" என்கிறது. மற்றவருக்குக் கூடாது என்று அது சொல்லவில்லையே என்பது நகரத்தின் வாதம். குடிமகன் என்று எல்லை போட்டாச்சு, அதைத் தாண்டக் கூடாது என்று தலைமை நீதிபதி ரோவன் வில்சன் எழுதினார். நீதிபதி ஜென்னி ரிவேரா மட்டும் மாறுபட்டார். ஆனால் வெர்மான்ட் மாநிலத்தில் 2023-ல் உச்ச நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது: அரசியலமைப்பின் குடியுரிமை விதி மாநிலத் தேர்தலுக்குத்தான், ஊர்த் தேர்தலை அது கட்டாது. அங்கே மான்ட்பிலியர் என்ற ஊரில் குடியுரிமை இல்லாதவரின் ஓட்டு நிலைத்தது. இனி நியூயார்க்கில் வழி வேண்டுமென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்: தேர்தலுக்கு முன்னும் பின்னுமாக ரெண்டு சட்டமன்றம் நிறைவேற்றி, அப்புறம் மக்களிடம் வாக்கெடுப்பு. நீண்ட வழிதான். ஆனாலும் அதுவே சரியான வழி என்று நினைக்கிறேன். குடிமக்கள் மனசார ஒப்புக்கொண்டு கொடுத்தால்தான் அந்த ஓட்டு நிலைக்கும்.

27 மார்ச் 2025

மறுபக்கம் வேகமாக ஓடுகிறது. ஓட்டுக்குப் பதிவு செய்யும் மத்திய படிவத்தில் குடியுரிமை ஆவணம் கேட்க வேண்டும் என்று நேற்று முன்தினம் டிரம்ப் ஆணை போட்டிருக்கிறார்.

கள்ள ஓட்டு எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் போன அக்டோபரில் பட்டியல் முழுக்கச் சோதித்தார்கள். சோதித்தது குடியரசுக் கட்சி அதிகாரி. 82 லட்சம் வாக்காளரில் குடிமகன் அல்லாதவர் என்று கிடைத்தது 20 பேர்.

ஏன் இவ்வளவு குறைவு என்று குடியேறிகளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்வார்கள். பயம். 1996 சட்டப்படி மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போட்டால் சிறை, நாடுகடத்தல். நான் குடிமகன் என்று பொய்யாக ஒரு கட்டத்தில் டிக் போட்டாலே போதும், இந்த நாட்டில் உங்கள் கதை முடிந்தது. பதினைந்து வருஷம் வரிசையில் நின்றவன், கோடியில் ஒரு ஓட்டுக்காக எல்லாவற்றையும் பணயம் வைப்பானா? பார்க்கிங் டிக்கெட் வந்தாலே வக்கீலுக்கு போன் போடுகிற கூட்டம் நாங்கள்.

29 மார்ச் 2025

முந்தாநாள் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, "நடந்ததை எழுது, மத்தவங்களுக்கு உதவும்" என்றாள். எழுதுகிறேன்.

முன்பு வேறொரு மாநிலத்தில் இருந்தோம். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனாள். கவுன்டரில் இருந்த அம்மா ரொம்ப நல்ல மாதிரி, ஆனால் அவசரம். படிவத்தை இவள் பக்கம் திருப்பி, "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே கையெழுத்து" என்று மூன்று இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். மூன்றாவது புள்ளி வாக்காளர் பதிவுப் பகுதியில். அதற்கு மேலே பொடி எழுத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற உறுதிமொழி. பாஸ்போர்ட்டையும் விசாவையும் அந்த அம்மாவே இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தார். இவள் படித்துப் பார்த்ததால் பேனாவைக் கீழே வைத்தாள். "வேண்டாம்னா விட்டுடுங்க" என்று அவரும் சாதாரணமாக அடுத்த தாளுக்குப் போனார்.

ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராத ஒரு பெரியம்மா அந்த நாற்காலியில் இருந்திருந்தால்? ஜார்ஜியாவில் கிடைத்த 20 பேரில் இப்படிப்பட்டவர் எத்தனை பேரோ என்றுதான் எனக்குத் தோன்றியது. 1993-ல் வந்த சட்டப்படி லைசென்ஸ் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விசாவில் இருப்பவர் என்று கணினிக்கே தெரியும்போது அந்தப் பக்கம் அச்சாகி வரவே கூடாது. குடியுரிமை இல்லாதவர் பட்டியலில் ஏறக்கூடாது என்ற அக்கறை உண்மையென்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான், செலவும் அதிகமில்லை. இதை எந்தத் தலைவரும் பேசிக் கேட்டதில்லை.

11 ஏப்ரல் 2025

நேற்று சேவ் மசோதா பிரதிநிதிகள் சபையில் 220-க்கு 208 என்று நிறைவேறியது. போன வருஷம் ஜூலையிலும் நிறைவேறி செனட்டில் கிடந்து போனது. இப்போதும் செனட்டில் 60 ஓட்டு வேண்டும்.

மசோதா கேட்பது: ஓட்டுக்குப் பதிவு செய்ய வருபவர் குடியுரிமைக்கு ஆவணம் காட்ட வேண்டும். பாஸ்போர்ட், அல்லது பிறப்புச் சான்றிதழோடு புகைப்பட அடையாள அட்டை, அல்லது குடியுரிமைச் சான்றிதழ். தபாலில் பதிவு செய்தாலும் ஆவணத்தை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆவணம் பார்க்காமல் சேர்த்துவிட்ட ஊழியருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எனக்குத்தான் ஓட்டே இல்லையே. அடி விழப்போவது குடிமக்கள் மேல். அமெரிக்கர்களில் பாஸ்போர்ட் உள்ளவர் ஏறக்குறைய பாதிதான். முதல் தடவை எடுக்க 165 டாலர். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் இதே மாதிரி மாநிலச் சட்டம் வந்து, போன மாத ஊர்த் தேர்தலில் பதிவு செய்ய வந்த சில பெண்களைக் கல்யாணச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள்.

கான்சாஸ் 2013-ல் இதை அமல்படுத்திப் பார்த்தது. பதிவு நிறுத்தப்பட்டவர் 31,000-க்கு மேல். வழக்கில் நிரூபணமானது என்னவென்றால், 19 வருஷத்தில் பட்டியலில் ஏறிய குடிமகன் அல்லாதவர் 39 பேர். 2018-ல் ஜூலி ராபின்சன் என்ற நீதிபதி சட்டத்தைத் தள்ளினார், 2020-ல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. 39 பேரைத் தடுக்க 31,000 பேரை வாசலில் நிறுத்துவதா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

12 ஏப்ரல் 2025

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்: "தம்பி, ஆவணம் கேட்டு வாக்குரிமை பறிக்கிறது எப்படி இருக்கும்னு எங்கட ஆக்களைக் கேளுங்கோ." அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன், இந்த இழையிலேயே பெரிய விஷயம் இதுதான்.

1947 தேர்தலில் மலையகத் தோட்டங்களிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷம் வந்த 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் அறையில் பிறந்த பிள்ளைக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைக்குத்தான் வாக்கு என்றார்கள். லட்சக்கணக்கானவர் ஒரே வீச்சில் பட்டியலிலிருந்து போனார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு இடமும் இல்லை. அண்ணனின் தாத்தா அந்தத் தேர்தலில் வாக்கில்லாமல் இருந்தவர். பாட்டி கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தார். மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

சட்டத்தில் "தமிழர்" என்ற சொல்லே கிடையாது, அங்கே கேட்டது பேப்பர் மட்டும்தான். யாரிடம் பேப்பர் இருக்காது என்று எழுதியவர்களுக்குத் தெரியும். சேவ் மசோதாவை எழுதியவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விளைவு யார் மேல் விழும் என்று எண்ணிப் பார்க்காமல் ஆவணச் சட்டத்துக்குக் கை தூக்காதீர்கள், அவ்வளவுதான்.

26 ஏப்ரல் 2025

டிரம்பின் அந்த மார்ச் ஆணையின் ஆவணப் பகுதிக்கு வாஷிங்டன் நீதிபதி கொலீன் கோலர்-கோடெல்லி முந்தாநாள் தடை போட்டார். தேர்தல் விதி போடும் அதிகாரம் காங்கிரசுக்கும் மாநிலங்களுக்கும்தான், அதிபருக்கு இல்லை. சேவ் மசோதாவை இது தொடாது.

9 மே 2025

முந்தாநாள் முதல் உள்ளூர் விமானம் ஏற ரியல் ஐடி (மத்திய அரசு விதிப்படி மாநிலம் தரும் லைசென்ஸ் அல்லது அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட் மாதிரி வேறு ஆவணம் வேண்டும். "அதான் ரியல் ஐடி இருக்கே, அதைக் காட்டி ஓட்டுக்குப் பதிவு பண்ணிட்டுப் போகட்டுமே" என்று ஒரு நண்பர் கேட்கிறார். என் பர்சில் இருக்கும் ரியல் ஐடியை எடுத்துப் பார்த்தேன். வலது மூலையில் நட்சத்திரம், என் படம், ஃப்ளஷிங் விலாசம். குடியுரிமை பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் இந்தியக் குடிமகன், என்னிடமே இது இருக்கிறது. பக்கத்து வீட்டு அமெரிக்கக்காரர் அட்டையிலும் குடியுரிமை பற்றி எதுவும் இல்லை. சேவ் மசோதாவில் "குடியுரிமையைக் காட்டும் ரியல் ஐடி" என்று எழுதியிருக்கிறார்கள். நியூயார்க், மிச்சிகன் மாதிரி ஐந்து மாநிலங்கள் தனிக் கட்டணம் வாங்கித் தரும் அட்டையில்தான் அது இருக்கிறது.

18 மே 2025

லண்டனில் விசாவில் இருக்கும் இந்தியருக்கும் ஓட்டு உண்டாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், உண்மை. என் சித்தி மகன் ஹாரோவில் மாணவர் விசாவில் இருந்தபடியே போன ஜூலை 4 பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டான். இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி. காமன்வெல்த் நாட்டவர் முறையான விசாவோடு குடியிருந்தால் பிரிட்டனில் எம்.பி. தேர்தலிலேயே ஓட்டு உண்டு, இலங்கைக்காரருக்கும் அப்படியே. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் திருச்சியிலிருந்து போன மாணவருக்கு ஓட்டு இருந்தது, இருபது வருஷம் அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக்காரருக்கு இல்லை. ஸ்காட்லாந்து 2020-ல் சட்டம் போட்டு, எந்த நாட்டவராக இருந்தாலும் தங்க அனுமதி இருந்தால் தன் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஊராட்சித் தேர்தலிலும் ஓட்டு என்றது.

அங்கே வானம் இடிந்து விழவில்லை. சித்தி மகன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து வீடியோ காலில் குதித்த குதி இருக்கிறதே! ஊரில்கூட அவன் அதுவரை ஓட்டுப் போட்டதில்லை.

11 ஜூன் 2025

தலைநகர் வாஷிங்டனின் நகர கவுன்சில் 2022-ல் இதே மாதிரி உள்ளூர் ஓட்டுரிமை கொடுத்தது. அதை ரத்து செய்யும் மசோதா நேற்று பிரதிநிதிகள் சபையில் 266-க்கு 148 என்று மறுபடி நிறைவேறியிருக்கிறது. அந்தத் தலைநகரம் ஒரு மாநிலமாக இல்லாததால் அதன் தலையில் காங்கிரஸ் கை வைக்கலாம். அந்த நகரத்துக் குடிமக்களுக்கே சபையில் ஓட்டுப் போடும் உறுப்பினர் கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத்துக்கு மட்டும் குடியுரிமை இல்லாத பெற்றோர் ஓட்டுப் போடலாம், 2016-ல் மக்களே வாக்கெடுப்பில் கொடுத்தது. 2018-ல் முதல் தேர்தல். பதிவு செய்தவர் நூறைத் தொடவில்லை. "நீங்கள் தரும் விவரம் குடிவரவுத் துறைக்குப் போகக்கூடும்" என்று நகரமே எச்சரிக்கை அச்சடித்துத் தர வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்த பிறகு எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்? எனக்கு இங்கே கொஞ்சம் மனசு மாறியிருக்கிறது. இன்றைய நிலையில் நியூயார்க் சட்டம் நிலைத்திருந்தால், என் பெயரும் விலாசமும் தனிப் பட்டியலாக அரசாங்கத்திடம் இருந்திருக்கும். ஓட்டு வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்கிறேன். ஆனால் பட்டியலை யார் பார்க்கலாம் என்று கறாராக எழுதாத சட்டம் வேண்டாம்.

25 ஜூன் 2025

நேற்று மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தல். சோரான் மம்தானி முன்னிலை, எதிர்த்து நின்ற முன்னாள் ஆளுநர் கூமோ ராத்திரியே தோல்வியை ஒப்புக்கொண்டார். மம்தானி கம்பாலாவில் பிறந்தவர், 2018-ல்தான் அமெரிக்கக் குடிமகனானார். குடியுரிமை வாங்கி ஏழே வருஷம். எங்கள் கட்டடத்தில் அவருக்காகப் படியேறி இறங்கிக் கதவு தட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டில்லை. நானும் நோட்டீஸ் கொடுத்தேன். பிரசாரத்துக்குத் தன்னார்வமாக உழைக்கத் தடையில்லை. ஆனால் பணம் கொடுக்கக் கூடாது: கிரீன் கார்டு இல்லாதவர் ஒரு டாலர் நன்கொடை கொடுத்தாலும் சட்ட மீறல். எச்-1பி நண்பர்கள் இதை மறக்காதீர்கள்.

3 ஆகஸ்ட் 2025

பீகாரில் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்துவது பற்றி மதுரைக்காரர் மறுபடி கேட்டிருக்கிறார். அந்தத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர் இல்லை. செத்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் இருந்தவர் நிச்சயம் இருப்பார்கள். பட்டியலைத் திருத்தவே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆவணம் காட்டு என்ற சுமை வாக்காளர் தலையில் ஏறியிருக்கிறது. ஹட்டன் அண்ணன் சொன்னதை மறுபடி படியுங்கள். ஊரில் அப்பா அம்மா பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

10 ஆகஸ்ட் 2025

டெக்சாஸிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது எல்லாருக்கும் பயன்படும். கிரீன் கார்டு. லைசென்ஸ் வாங்கிய இடத்தில் தெரியாமல் கையெழுத்துப் போட்டு, வாக்காளர் அட்டை வீட்டுக்கே வந்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்.

அம்மா, முதலில் அந்த அட்டையை வைத்து எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடாதீர்கள், பள்ளி வாரியமாக இருந்தாலும். கிழித்தும் போடாதீர்கள், அது உங்களுக்குச் சாட்சி. உறையோடு பத்திரமாக வையுங்கள். லைசென்ஸ் படிவத்தின் நகல் கேட்டு வாங்குங்கள். குடிமகனா என்ற கட்டத்தில் நீங்கள் டிக் போட்டீர்களா, காலியாக விட்டீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா" என்று நேராகக் கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு அனுமதியுள்ள ஊர்த் தேர்தலில் முறைப்படி ஓட்டுப் போட்டவருக்கு மட்டும் அதில் விலக்கு எழுதியிருக்கிறார்கள், அது உங்களுக்குப் பொருந்தாது. மறைத்தால் பதிவைவிடப் பெரிய குற்றம் அது. அதனால் கவுன்டி தேர்தல் அலுவலகத்துக்குக் கடிதம் போடுவதற்கு முன்பே குடிவரவு வக்கீலைப் பாருங்கள், என்ன வாசகத்தில் ரத்து கேட்பது என்று அவர் சொல்லட்டும். 710 டாலர் கட்டி விண்ணப்பம் போடுவது அதற்கு அப்புறம்தான். வக்கீல் தெரியாது என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்களுக்குப் பார்த்தவர் பெயரைத் தருகிறேன்.